ஏட்டில் ஏறாத நற்பெயர்

வணிகவியல் பயின்றவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஒருவர் நடத்திவந்த கடையை மற்றொருவர் விலைக்கு வாங்குகிறார். மேசை, நாற்காலி, கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்கவேண்டிய கடன்களைக் கழித்த பிறகும் கூடுதலாக ஒரு தொகையைக் கொடுக்கிறார். அந்தக் கூடுதல் தொகைக்குக் கணக்கியலில் 'நற்பெயர்' என்று பெயர். ஆங்கிலத்தில் அதனைக் 'குட்வில்' என்பர். விலை கொடுத்து வாங்கிய நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் எழுதலாம். ஒருவர் தாமே பல்லாண்டு உழைத்து உருவாக்கிய நற்பெயரை எழுத இயலாது. நம் நாட்டின் கணக்கியல் தரநிலை 26 இவ்வாறே விதிக்கிறது.

இந்தப் பாடம் எங்களுக்கு மீண்டும் நினைவுக்கு வந்ததற்கு ஓர் ஊரின் பெயரே காரணம். அந்தமான் தீவுகளில் 'குட்வில் எஸ்டேட்' என்று ஓர் ஊர் உள்ளது. அங்கிருந்து ஓர் இளம்பெண் எங்களிடம் கடன் கேட்டு வந்தார். அலையாத்தி மரங்களின் வேர்கள், பவழத்திட்டு மீன்கள், நிக்கோபார்ப் புறா, தகரக் கூரை வேய்ந்த மர வீடுகள் எனத் தம்மைச் சுற்றியுள்ளவற்றை வரைபவர் அவர். அவற்றை அஞ்சலட்டைகளாகவும் துணிப்பைகளாகவும் அச்சிட்டு, சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளில் வைத்து விற்றுவந்தார். அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு நல்ல அச்சுப்பொறி, ஒரு வருடி, சில மாதங்களுக்கான காகிதம் ஆகியவையே.

விண்ணப்பப் படிவத்தைப் பாதிவரை நிரப்பியவர் தலை நிமிர்ந்து கேட்டார்: "சார், தொழில் என்ற இடத்தில் என்ன எழுதட்டும்?"

அந்தக் கட்டத்தில் அரசுப்பணி, தனியார் பணி, வேளாண்மை, வணிகம், மாணவர், இல்லத்தரசி என்று பிரிவுகள் இருந்தன. ஓவியர் என்ற பிரிவு இல்லை. 'இதர' என்ற இடத்தில் குறியிடச் சொன்னோம். சொன்ன பிறகு மனத்தில் ஓர் உறுத்தல் எஞ்சியது. சம்பளச் சீட்டு இல்லாதவர், கடைவாடகை ஒப்பந்தம் இல்லாதவர், சரக்கு என்று காட்டுவதற்குச் சில கட்டுக் காகிதம் மட்டுமே உள்ளவர். இத்தகையோரை முன்பு எத்தனை முறை இன்சொல் கூறியே திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம்.

அவரிடம் வேறொரு தாளும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறோம். கலையை நம்பித் தனித்து வாழ முடியுமா என்ற அவருடைய கேள்வி புதியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் சிலர் இதே கேள்வியை எழுப்பி, விடையையும் கண்டிருக்கின்றனர்.

ஈஞ்சம்பாக்கத்து மணலில்

சென்னையின் அரசு ஓவியக் கல்லூரி, 1850ஆம் ஆண்டு அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரின் முயற்சியால் பள்ளியாகத் தோன்றியது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி எனப்படுகிறது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக நெடுங்காலம் இருந்தார். அவருக்குப் பின் 1957இல் அப்பொறுப்பை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த இவரே 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர்.

கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர்களின் நிலை பணிக்கரை வருத்தியது. ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலரே. திறமை மிக்கவர்கள் பட்டம் பெற்ற மறுநாளே விளம்பரப் பலகை எழுதவோ, அலுவலகக் கோப்பு புரட்டவோ போயினர். தூரிகை மெல்ல மெல்ல மூலைக்குச் சென்றது. மானியம் கேட்கலாம், புரவலரை நாடலாம். இரண்டிலும் சார்ந்திருக்கும் நிலை மாறாது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் வேறு வழி கண்டனர். நாளின் ஒரு பகுதியை விற்பனையாகக்கூடிய கைவினைக்குக் கொடுப்பது, எஞ்சிய பகுதியைத் தம் சொந்தக் கலைக்கு வைத்துக்கொள்வது என்பதே அது.

மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் முதலில் கைகொடுத்தன. ஓவியக் கண் கொண்டவர்கள் செய்த பாத்திக் வேலைப்பாட்டை மக்கள் விரும்பி வாங்கினர். கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். கைவினையில் ஈட்டிய பணத்தைச் சேர்த்து, நகரத்துக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டல் ஓவியர் கிராமம் அந்த நிலத்தில் பிறந்தது. சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்களுக்கு அந்நாளைய ஈஞ்சம்பாக்கத்தைக் கற்பனை செய்வது அரிது. மணல், சவுக்கு, தாழை. அவற்றின் நடுவே எளிய குடில்கள். வசதி குறைவாயினும் நிலம் அவர்களுடையதாக இருந்தது. ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எஸ். நந்தகோபால், எம். சேனாதிபதி முதலியோர் அங்கு வாழ்ந்தும் பணிபுரிந்தும் பெயர் பெற்றனர். வாசுதேவின் செம்புத் தகட்டுப் புடைப்புச் சிற்பங்களும், நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் கைவினைக்கும் கலைக்கும் இடையிலான சுவரைத் தகர்த்தன. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் நகரம் சென்று அங்கேயே தம் கலை வாழ்வை அமைத்துக்கொண்டனர். பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் நின்றது. 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றைக் கலை விமர்சகர்கள் பலவாறு எழுதியுள்ளனர். வங்கி ஊழியர்களாகிய எங்கள் கண்ணுக்குப் புலப்படுபவை மூன்று. முதலாவது, அவர்கள் வருமானத்தை இரண்டாகப் பிரித்தனர். அன்றாடச் செலவைக் கைவினை தாங்கியது. ஆகவே ஓவியம் விற்றாலும் விற்காவிட்டாலும் அடுப்பு எரிந்தது. 'இப்படி வரைந்தால்தான் விற்கும்' என்ற நெருக்கடி ஓவியத்தை அணுகவில்லை. இரண்டாவது, வந்த பணத்தைத் தனித்தனியே செலவழித்துவிடாமல் சேர்த்தனர். மூன்றாவது, சேர்த்ததை நிலமாக மாற்றினர். ஏட்டில் எழுத இயலாத நற்பெயரை, ஏட்டில் எழுதக்கூடிய சொத்தாக மாற்றிய செயல் அது.

கோவில்பட்டியும் மயிலிறகுக் கோடும்

தமிழ்நாட்டில் வேறு வழிகளில் சென்று வென்றவர்களும் உண்டு. புத்தாண்டுதோறும் நம் இல்லச் சுவர்களில் ஏறும் தெய்வப்பட நாள்காட்டிகளின் பின்னே கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவின் கை இருக்கிறது. 1898இல் பிறந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். பின்னர் கோவில்பட்டியில் நிலைகொண்டு, அருகிலிருந்த சிவகாசி அச்சகங்களுக்குப் படங்கள் வரைந்து கொடுத்தார். சந்தை எங்கிருக்கிறதோ அதன் அருகில் தம் இடத்தை அமைத்துக்கொண்டார். மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்தார். பல படங்களில் அவருடைய பெயரோடு மாணவர் பெயரும் சேர்ந்தே காணப்படும். தம் நற்பெயரில் மாணவர்க்கும் பங்களித்த அந்தப் பண்பினால், 1976இல் அவர் மறைந்த பின்னும் அவருடைய மரபு தொடர்ந்தது.

கோபுலுவின் பாதை மற்றொன்று. 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் பயின்று, மாலியின் அரவணைப்பில் ஆனந்த விகடனில் வளர்ந்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் வரைந்த உருவங்களைக் கண்ட வாசகர்கள், கதைமாந்தரை அவ்வுருவங்களிலேயே நினைவில் வைத்துக்கொண்டனர். புகழின் உச்சியில் இருந்தபோதே 1963இல் பத்திரிகைப் பணியிலிருந்து விலகி விளம்பரத் துறைக்குச் சென்றார். அத்தொழிலின் நடைமுறைகளைச் சில ஆண்டுகள் உள்ளிருந்து கற்ற பின்னரே, 1972இல் 'ஆட் வேவ்' என்ற தம் சொந்த விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. சன் தொலைக்காட்சி, குங்குமம் ஆகியவற்றின் சின்னங்களை உருவாக்கியதும் அவரே. ஓவியரும் வடிவமைப்பாளரும் ஒருவருக்குள்ளேயே வாழ முடியும் என்பதற்கு அவர் சான்று.

பணியை உதறிவிட்டு வருவதே துணிவு என்று இளைஞர்கள் சிலர் எண்ணுகின்றனர். கோபுலு தொழிலைக் கற்கும் வரை காத்திருந்தார். பணிக்கர் சோழமண்டல் தொடங்கியபோது கல்லூரி முதல்வர் பொறுப்பில்தான் இருந்தார். அடுத்த ஆண்டுதான் ஓய்வு பெற்றார். மாதச் சம்பளம் வரும்போதே மாற்று வழியை அமைத்துக்கொள்வது கோழைத்தனம் ஆகாது.

அந்த மற்றொரு தாள்

குட்வில் எஸ்டேட் ஓவியரிடம் இருந்த தாளுக்கு வருவோம். தங்குவிடுதி ஒன்று அவருடைய படங்கள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, மொத்தமாக ரூ. 36,000 தருவதாக எழுதியிருந்தது. அவர் கையில் அதுவரை ஒருசேர வந்திராத தொகை அது. கடனே வாங்காமல் அச்சுப்பொறி வாங்கிவிடலாம். கையொப்பமிடுவதா என்பதே அவருடைய ஐயம்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை நாங்கள் இருமுறை படித்தோம். படங்களின் மீதான எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும், உலகெங்கும், விடுதிக்கே சேரும் என்று அது கூறியது. அதாவது, அந்தப் பன்னிரண்டு படங்களையும் அவரே அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்க முடியாது. அவருடைய விற்பனையில் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லோம். எனினும் கலைத்தொழில் செய்யும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகள் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ளன.

வரைந்த படத்தின் பதிப்புரிமை, வரைந்த கணத்திலேயே ஓவியரைச் சேர்கிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. அவருடைய வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். மூலப்படத்தை விற்றுவிட்டதனால் மட்டுமே பதிப்புரிமை கைமாறிவிடாது. ஆனால் இரண்டு விதிவிலக்குகளை மறக்கலாகாது. வேலைக்கு அமர்த்தப்பட்டவர் பணியின் பகுதியாக வரைந்தால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கே. பணம் கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஓவியமோ உருவப்படமோ வரைந்தால், அப்போதும் மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே பிறர் கேட்டு வரைந்து கொடுக்கும்போது, வேலையைத் தொடங்குமுன் இரண்டு வரியேனும் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நன்று.

உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் அது எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரின் கையொப்பம் வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டுகள், எந்த நிலப்பரப்பு என்பவை குறிக்கப்பட வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிடில் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. 'எக்காலத்துக்கும், உலகெங்கும்' என்ற சொற்கள் அந்தப் பாதுகாப்பைத்தான் அகற்றிவிடுகின்றன.

உரிமையை முற்றாக மாற்றாமல், குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம் வழங்கலாம். நிலத்தை விற்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடே இது. குத்தகைதாரர் விளைச்சலை எடுத்துக்கொள்வார். நிலம் நம்முடையதாகவே இருக்கும்.

பொருள்களை வடிவமைப்போர்க்கு ஒரு சொல். பொருளொன்றின் வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கிவிட்டால், அதன் மீதான பதிப்புரிமை அற்றுப்போகும். வடிவமைப்புகள் சட்டம், 2000இன் கீழ்ப் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வெளியிடுமுன்பே பதிவு செய்ய வேண்டும்.

ஓர் அஞ்சலட்டையின் கணக்கு

அவருடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டோம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆறு மாத விற்பனை நாள்தோறும் எழுதப்பட்டிருந்தது. எழுதும் பழக்கம் இருந்தமை எங்களுக்கு மகிழ்வளித்தது. ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. ஓவியர்கள் பலரிடமும் காணும் பிழை அது.

ஓர் அஞ்சலட்டையை ரூ. 30க்கு விற்றார். காகிதமும் மையும் ரூ. 11. ஆகவே ஆதாயம் ரூ. 19 என்பது அவர் கணக்கு. கடைக்காரரின் கழிவு முப்பது விழுக்காடு, அதாவது ரூ. 9, மேலுறை ரூ. 3. அவற்றைக் கழித்தால் எஞ்சுவது ரூ. 7. பழுதான அச்சுகள், மின்சாரம், பேருந்துச் செலவு, வரைந்த நேரம் ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. தம் நேரத்துக்கு விலையிடாத தொழில் இலாபத்தில் நடப்பதுபோலத் தோன்றும். ஆண்டிறுதியில்தான் கை வெறுமையாக இருப்பது தெரியும்.

தீவுக்கே உரிய செலவு ஒன்றும் உண்டு. காகிதமும் மையும் பெரும்பாலும் சென்னையிலிருந்து வரவேண்டும். கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள் பயணம். மழைக்காலத்தில் புறப்பாடு தள்ளிப்போகும். ஆகவே நிலப்பரப்பில் உள்ளவர் ஒரு வாரத்துக்கு வாங்கும் சரக்கை இங்குள்ளவர் மூன்று மாதத்துக்கு வாங்கிவைக்கிறார். அந்தப் பணம் அதுவரை முடங்கிக் கிடக்கிறது. இதற்குத்தான் நடைமுறை மூலதனம் தேவைப்படுகிறது. அச்சுப்பொறி வாங்கக் கடன் கேட்டவருக்கு, அதில் இடும் காகிதத்துக்கும் கடன் தேவை என்பதை அந்த நோட்டுதான் எங்களுக்குக் காட்டியது.

மறுபுறம், சுமையே இல்லாத சரக்கும் அவரிடம் உண்டு. 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் செயல்படத் தொடங்கியது. அதன் பின்னர் தீவில் இருந்தபடியே நூல் அட்டை, சின்னம், விளம்பரப் படம் ஆகியவற்றை வரைந்து எந்த நகரத்துக்கும் அனுப்புவது எளிதாகியுள்ளது. கைவினை அன்றாடத்துக்கு, ஓவியம் தனக்கு என்று சோழமண்டல் பிரித்தது போல, வடிவமைப்புப் பணி அன்றாடத்துக்கு, தீவின் படங்கள் தமக்கு என்று அவரும் பிரித்துக்கொள்ளலாம்.

அவ்வாறு நகரங்களுக்குப் பணி செய்வோர் வரி விதிகளையும் அறிந்திருப்பது நன்று. சேவை மட்டும் வழங்குபவரின் ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டாதவரை, பொதுவாகச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயமில்லை. பொருளாகப் பிற மாநிலத்துக்கு அனுப்பினால் விதிகள் வேறு. ஒரு துணிப்பை சென்னைக்குப் போனாலும் அது எல்லை கடந்த வணிகமே. தொடங்குமுன் பட்டயக் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும்.

வங்கி செய்யக்கூடியவை

பிரதமரின் முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்டது. பிணை கேட்காத கடன் இது. 'சிசு' பிரிவில் ரூ. 50,000 வரையிலும், 'கிஷோர்' பிரிவில் ரூ. 5 லட்சம் வரையிலும், 'தருண்' பிரிவில் ரூ. 10 லட்சம் வரையிலும் பெறலாம். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு ரூ. 20 லட்சம் வரை வழங்கும் 'தருண் பிளஸ்' பிரிவு 2024இல் சேர்க்கப்பட்டது. ஓவியரும் வடிவமைப்பாளரும் செய்வது வருவாய் ஈட்டும் தொழிலே; ஆகவே அவர்களும் விண்ணப்பிக்கலாம்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் பதினெட்டு மரபுத் தொழில்களுக்கானது. தச்சர், படகு செய்வோர், சிற்பி, குயவர், கூடை பாய் முடைவோர், பொம்மை செய்வோர் முதலியோர் அதில் அடங்குவர். பயிற்சியும், கருவிகளுக்கு ரூ. 15,000 உதவியும், முதற்கட்டமாக ரூ. 1 லட்சமும் அடுத்து ரூ. 2 லட்சமும் 5 விழுக்காட்டு வட்டியில் கடனும் உண்டு. காகிதத்தில் வரையும் ஓவியர் அப்பட்டியலில் இல்லை. அந்தமானின் படாக் மரத்தில் செதுக்குபவரோ கூடை முடைபவரோ கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு திட்டங்களையும் விட முதன்மையானது உத்யம் பதிவு. இணையத்தில் கட்டணமின்றிச் செய்யலாம். அதனால் கிடைக்கும் பெரும்பயன் கடன் அன்று. காலத்தில் பணம் வருவது. கலைஞர்களின் நீண்டகாலக் குறை, வேலையை வாங்கிக்கொண்டவர் பணத்தைத் தள்ளிப்போடுவதே. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய தொகையை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி. பதிவு எண்ணைப் பட்டியல் தாளின் தலைப்பில் அச்சிட்டாலே பல இடங்களில் பணம் விரைந்து வருவதைக் கண்டிருக்கிறோம்.

இவற்றோடு எங்கள் தரப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். விற்ற பணத்தை வங்கிக் கணக்கின் வழியே பெறுங்கள். தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அந்தக் கணக்கு அறிக்கையே சம்பளச் சீட்டு. ஏட்டில் எழுத இயலாத நற்பெயரை நாங்கள் படித்தறிய ஒரே வழி, பன்னிரண்டு மாத வரவுகளின் ஒழுங்குதான்.

கையே மூலதனம்

கோபுலுவின் வாழ்க்கையில் மற்றொரு பக்கமும் உண்டு. முதிய வயதில் பக்கவாதம் தாக்கி அவருடைய வலக்கை செயலிழந்தது. அவர் இடக்கையால் வரையக் கற்றுக்கொண்டார். 2015 ஏப்ரலில், தொண்ணூறாம் வயதில் மறையும் வரை, அவர் ஓவியராகவே இருந்தார். வியந்து போற்றத்தக்க உறுதி அது. ஆயினும் எல்லோருக்கும் அது வாய்க்கும் என்று எண்ணித் திட்டமிட இயலாது.

தனித்து இயங்கும் கலைஞருக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. இவை அனைத்தையும் அவரே தமக்கு அமைத்துக்கொள்ள வேண்டும். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 20 செலுத்தினால், 18 முதல் 70 வயதுக்குட்பட்டோர்க்கு விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. விபத்தில் உயிரிழந்தாலோ இரு கைகளையோ இரு கண்களையோ இழந்தாலோ ரூ. 2 லட்சம், ஒரு கையையோ ஒரு கண்ணின் பார்வையையோ இழந்தால் ரூ. 1 லட்சம். நோயால் வரும் இழப்பை இது தாங்காது. அதற்கு உடல்நலக் காப்பீடு தனியே தேவை. ஓய்வுக்காலத்துக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டமும், பதினைந்து ஆண்டுப் பொது வருங்கால வைப்பு நிதியும் உள்ளன. மாதந்தோறும் ஒரே தொகை கட்ட இயலாதவர்கள், ஒவ்வொரு வரவிலும் பத்தில் ஒரு பங்கை அன்றே ஒதுக்குவது எளிது. நல்ல மாதத்தில் அது பெருந்தொகையாகும். மெலிந்த மாதத்தில் சிறுதொகையாகும். பழக்கம் மட்டும் அறுபடாது.

முடிவாக

அவர் விடுதிக்கு மறுமொழி எழுதினார். பன்னிரண்டு படங்களுக்கும், விடுதியின் சுவர்களிலும் உணவுப் பட்டியலிலும் மட்டும் பயன்படுத்த, மூன்று ஆண்டுக்கு உரிமம் தருவதாகவும், எல்லா உரிமைகளையும் மாற்றித்தர இயலாது என்றும் தெரிவித்தார். மூன்று வாரம் பதில் வரவில்லை. அந்நாள்களில் ஒருமுறை வங்கிக்கு வந்தவர், "தவறு செய்துவிட்டேனோ சார்?" என்று கேட்டார். எங்களிடம் உறுதியான விடை இல்லை. முப்பத்தாறாயிரம் ரூபாய் என்பது அவருடைய வீட்டில் சிறிய தொகையன்று என்பதை அறிவோம். உரிமையைக் காத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, மாதச் சம்பளம் வாங்கும் எங்களுக்கு எளிது.

பின்னர் விடுதி ஐந்து படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்டு உரிமத்துக்கு ரூ. 15,000 கொடுத்தது. எண்ணியதில் பாதியும் இல்லை. ஆனால் பன்னிரண்டு படங்களும் அவருடையனவாகவே உள்ளன. சிசு பிரிவில் கடன் வழங்கினோம். சுற்றுலாப் பருவத்தின் வரவையும் மழை மாதங்களின் மெலிவையும் கணக்கிட்டுத் தவணையை அமைத்தோம். அஞ்சலட்டையின் விலையை அவர் ரூ. 40 ஆக்கினார். விற்பனை சற்றுக் குறைந்தது; ஆதாயம் கூடியது. தவணைகள் இதுவரை தவறவில்லை.

கடன் ஆவணங்களில் கையொப்பமிட வந்த நாளில், 'இதர' என்று குறித்திருந்த இடத்தின் அருகே, கோடிட்ட சிறு இடைவெளியில், 'ஓவியர், வடிவமைப்பாளர்' என்று அவரே எழுதினார். எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே சற்று நீண்டிருந்தன. திருத்தச் சொல்லவில்லை, அப்படியே கோப்பில் சேர்த்துக்கொண்டோம்.